பெயர் மாறிய வீடு

டி. கல்லுப்பட்டியில் ராஜபாளையம் சாலையோரம், ஒரு கார்த்திகை மாதத்துக் காலை. அடைமழை நின்று நாலைந்து நாள் ஆகியிருந்தது. கண்மாயில் பிடித்த மீனைச் சாக்கில் பரப்பி உட்கார்ந்திருந்தார் ஓர் அக்கா. ஒரு பக்கம் ஜிலேபிக் கெண்டை குவியலாகக் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மறுபக்கம் ஏழெட்டு விரால். அவற்றில் இரண்டை மட்டும் ஒதுக்கி ஈரத் துணியால் மூடியிருந்தார். விலக்கிப் பார்த்தேன். ஒன்றின் விலாவில் பழைய எட்டணா அகலத்துக்குச் சிவந்த குழி. இன்னொன்றுக்குத் தலைக்குப் பின்னால் சதை கரைந்து எலும்பு தெரிந்தது. அந்த நிலையிலும் வாலை அடித்தது.

"என்னக்கா, விராலுக்கு மட்டும் இந்தக் கதி? ஜிலேபி எல்லாம் நல்லா இருக்கே?"

"அத மூடுங்க தம்பி, யாவாரம் கெட்டுப்போகும். மழ விட்டு பனி எறங்குனா வெராவுக்குப் புண்ணு வந்துரும். ஜிலேபி சீம மீனு, கெட்டி உசுரு. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

ஒரே கண்மாய், ஒரே தண்ணீர், ஒரே குளிர். ஒரு மீனின் சதை கரைகிறது. பக்கத்தில் நீந்திய மீன் பளபளவென்று இருக்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க அக்காவின் சாக்கை விட்டு நாம் அதிக தூரம் போகப்போவதில்லை. நடுவில் ஜப்பான், ஸ்காட்லாந்து, சிங்கப்பூர் என்று சுற்றினாலும் திரும்பி வந்துவிடுவோம்.

அந்தப் புண்ணுக்குக் காரணம் அஃபனோமைசஸ் இன்வேடன்ஸ் என்ற நீர்ப்பூசணம். பூசணம் என்பது பேச்சுக்குத்தான். வகைப்பாட்டின்படி அது நாய்க்குடையைவிடக் கடலின் பழுப்புப் பாசிக்கு நெருங்கிய சொந்தம். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் தலைகாட்டிய நோய், தென்கிழக்கு ஆசியா வழியாக நகர்ந்து 1988இல் வடகிழக்கு இந்தியாவுக்குள் நுழைந்தது. சில ஆண்டுகளில் தமிழ்நாடு, கேரளக் குளங்களுக்கும் வந்துவிட்டது. விரால், கெளுத்தி, கெண்டை வகைகள் புண்ணோடு மிதந்தன. மீன் வாங்கவே மக்கள் தயங்கிய காலம் அது. ஆனால் ஜிலேபியும் வளர்ப்புக் குளத்துச் சாதாக் கெண்டையும் இந்த நோய்க்கு அசைந்து கொடுப்பதில்லை. அக்கா சொன்ன கெட்டி உயிர், மீன்நோய் அறிஞர்களும் ஒப்புக்கொண்ட ஒன்று.

ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தப் பூசணத்தை ஊசி வழியாகச் சாதாக் கெண்டைக்கும், நோய்க்கு எளிதில் பலியாகும் அயு என்ற மீனுக்கும் ஏற்றிப் பார்த்தார்கள். அயுவின் தசைக்குள் பூசண இழைகள் தங்குதடையில்லாமல் ஓடின. கெண்டையின் தசையிலோ இழை நுழைந்த இடத்தில் வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேர்ந்து, இழையைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டன. செங்கல் இரண்டு மீனிடமும் இருக்கிறது. கொத்தனாரைச் சரியான நேரத்தில், சரியான எண்ணிக்கையில் கூப்பிட்டு அனுப்பியதில்தான் வித்தியாசம்.

கூப்பிட்டு அனுப்புவது யார்?

காயம் பட்ட இடத்தில் இருக்கும் செல் ஓடிப்போய் ஆள் கூட்டிவர முடியாது. அது செய்வதெல்லாம் சில சிறிய புரதங்களைத் தன்னைச் சுற்றியுள்ள நீர்மத்தில் கசியவிடுவதுதான். அந்தப் புரதம் மிதந்துபோய் இன்னொரு செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்தினால், அந்தச் செல்லுக்குள் ஒரு கட்டளை பிறக்கிறது: வா, அல்லது பெருகு, அல்லது கொல், அல்லது போதும் நிறுத்து. இந்தப் புரதங்களுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன். தண்டோரா போடுகிறவரின் செய்தி ஊருக்கெல்லாம் ஒரே பொருள்தான் தரும். சைட்டோகைன் அப்படியில்லை. ஒரே செய்தி கேட்கிற செல்லைப் பொறுத்து வேறு வேறு பொருள் தரும். ஏற்பி இல்லாத செல்லுக்கு அது காதிலேயே விழாது.

மனிதர்களில் இவற்றைத் தேடிய கதை நீளமானது, சுருக்கிவிடுகிறேன். 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும், வைரஸ் தாக்கிய செல்கள் அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கும் பொருள் ஒன்றைக் கண்டு, அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஆளாளுக்கு ஒரு பொருளைக் கண்டுபிடித்து ஆளாளுக்கு ஒரு பெயர் வைக்க, குழப்பம் முற்றியது. 1979இல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கன் ஊரில் கூடிய அறிஞர்கள், வெள்ளணுக்களுக்கு இடையே பேசும் பொருள் என்ற அர்த்தத்தில் இன்டர்லூக்கின் என்ற சொல்லை எடுத்து, 1, 2 என எண் போடத் தொடங்கினார்கள். இன்றைக்கு எண் 30ஐத் தாண்டிவிட்டது.

மீன் பக்கம் வந்தபோதுதான் சிக்கல். மீனின் வெள்ளணுக்கள் ஏதோ ஒன்றைச் சுரக்கின்றன, அதைப் பிற செல்கள் கேட்கின்றன என்பது சோதனைகளில் தெரிந்தது. ஆனால் சுரக்கும் பொருளின் மரபணுவைப் பிடிக்க முடியவில்லை. மனித மரபணுவைத் தூண்டிலாக வீசினால் மீனில் ஒன்றும் கொத்தவில்லை. செல்லுக்குள் சர்க்கரையை எரிக்கும் நொதிகள் மனிதனிலும் மீனிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும்போது, சைட்டோகைன்களுக்கு மட்டும் என்ன வந்தது?

அவை வேகமாக மாறுகிறவை. காரணம் எதிரி. வைரஸும் பாக்டீரியாவும் இந்தச் செய்திகளை ஒட்டுக்கேட்கின்றன, தடுக்கின்றன, போலிசெய்கின்றன. போலி நோட்டு புழங்கும் ஊரில் அரசு நோட்டின் அச்சை மாற்றிக்கொண்டே இருப்பதுபோல, சைட்டோகைனின் அமினோ அமில வரிசையும் தலைமுறை தலைமுறையாக மாறுகிறது. அதோடு சேர்ந்து ஏற்பியும் மாறுகிறது. மீனும் நாமும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஒரே சைட்டோகைனின் மனித வடிவத்தையும் மீன் வடிவத்தையும் பக்கத்தில் வைத்தால், பல சமயம் நான்கில் ஒரு பங்கு எழுத்துகூட ஒத்துப்போகாது. மடிப்பு மட்டும் மாறாது. நான்கு சுருள்கள் கட்டாக நிற்கும் அமைப்பு, அல்லது மூவிதழ்போல மடிந்த அமைப்பு. சொற்கள் எல்லாம் மாறி இலக்கணம் மட்டும் மிஞ்சிய மொழி.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் செகோம்ப்ஸ், ஜுன் ஸோ குழு 1999இல் வானவில் டிரவுட் மீனில் இன்டர்லூக்கின்-1 பீட்டாவைப் பிடித்தது. பிடித்ததைவிட அதிலிருந்த குறைதான் எனக்குப் பிடித்த பகுதி. நம் உடலில் இந்தப் புரதம் நீளமாக, வேலை செய்யாத நிலையில் தயாராகும். ஆபத்து வந்ததும் ஒரு நொதி குறித்த இடத்தில் வெட்டினால்தான் செயல்படும். துப்பாக்கியின் பூட்டை விடுவிப்பது மாதிரி. டிரவுட் மீனின் புரதத்தில் அந்த வெட்டும் இடமே காணோம்! பூட்டு இல்லாத துப்பாக்கியா என்று குழம்பினார்கள். பின்னர் வரிக்குதிரை மீனில் பார்த்தபோது, மீனுக்கு வேறு இடத்தில் வெட்டு இருப்பது தெரிந்தது. வேலை பழையது, பூட்டு வைத்த இடம் வேறு.

ஆனாலும் இன்டர்லூக்கின்-2 சிக்கவில்லை. டி செல் என்ற வெள்ளணு வகையைப் பெருகச் சொல்லும் கட்டளை அது. அது இல்லாமல் மீனுக்கு டி செல் இருந்து என்ன பயன் என்று கேட்கிற அளவுக்கு முக்கியமானது. அதைக் கண்டுபிடித்த விதத்தை விளக்க, கல்லுப்பட்டி மாதிரி ஊரில் ஒரு வீட்டைத் தேடிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் கழித்துப் போகிறீர்கள். வீட்டை இடித்துக் கட்டிவிட்டார்கள், நிறம் மாறிவிட்டது, வாசலில் இருந்த பெயரும் இல்லை. ஆனால் இடப்பக்கம் மாவுமில், வலப்பக்கம் தையல்கடை, எதிரே பிள்ளையார் கோயில். இந்த மூன்றும் இருந்தால், நடுவில் இருப்பது எந்த நிறத்தில் இருந்தாலும் அந்த வீடுதான். மரபணுக்களுக்கும் தெரு உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்தும் அக்கம்பக்கத்து மரபணுக்கள் பல சமயம் வரிசை கலையாமல் நிற்கின்றன.

தெருவைப் பார்க்க ஊர் வரைபடம் வேண்டுமே. அதைக் கொடுத்தது பேத்தை மீன். ஜப்பானியர் ஃபூகு என்று விரும்பிச் சாப்பிடும், தவறாக வெட்டினால் ஆளையே கொல்லும் அதே மீன். அதன் மரபணுத்தொகை நம்முடையதில் எட்டில் ஒரு பங்குதான். வெற்று நிலம் குறைவு, வீடுகள் நெருக்கம். மரபணு ஆய்வாளர் சிட்னி பிரென்னர் அதைச் சிக்கனமான மாதிரி என்று முன்மொழிய, சிங்கப்பூரின் பைரப்பா வெங்கடேஷ் உள்ளிட்ட குழு 2002இல் மரபணுத்தொகையின் வரைவு வரிசையை வெளியிட்டது. மனிதர்களில் இன்டர்லூக்கின்-2உம் 21உம் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருப்பவை. 2005இல் அபர்டீன் குழுவும் ஜப்பானியக் கூட்டாளிகளும் பேத்தையில் அதே தெருவைக் கண்டுபிடித்து, அண்டை வீடுகளை எண்ணி, நடுவிலிருந்த அடையாளம் தெரியாத வீட்டின் கதவைத் தட்டினார்கள். இன்டர்லூக்கின்-2 இருந்தது, பக்கத்திலேயே 21உம் இருந்தது.

இந்த முறை சறுக்கியதும் உண்டு. 2014இல் யானைச் சுறா என்னும் குருத்தெலும்பு மீனின் மரபணுத்தொகை நேச்சர் இதழில் வந்தது. அதில், மற்ற வெள்ளணுக்களைத் தூண்டிவிடும் டி உதவி செல்களுக்கான சில சைட்டோகைன்களும் ஏற்பிகளும் இல்லை, ஆகவே சுறாக்களின் நோய் எதிர்ப்பு அரைகுறையானது என்ற கருத்து சொல்லப்பட்டது. அதே ஆண்டிலேயே மறுப்பு வந்தது: நீங்கள் இல்லை என்றவற்றில் சில இருக்கின்றன, உருமாறி இருப்பதால் உங்கள் கண்ணில் படவில்லை. வீடு காணோம் என்று அறிவிக்கும் முன் தெருவில் இன்னொரு முறை நடக்கவேண்டியிருந்தது.

அதற்காக மரபணு தொலைவதே இல்லை என்று நினைக்கவேண்டாம். அட்லாண்டிக் காட் மீன், டி உதவி செல்லுக்கு அந்நியப் பொருளைக் காட்டும் ஏற்பாட்டையே இழந்துவிட்டது. 2011இல் அதைக் கண்டபோது துறையே அசந்துபோனது. அப்படியும் அந்த மீன் கடலில் நன்றாகத்தான் வாழ்கிறது.

சரி, இத்தனை சைட்டோகைன்கள் எங்கிருந்து வந்தன? கல்லுப்பட்டிக்கு இன்னொரு முகம் உண்டு. 1940இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இங்கேதான் இருக்கிறது. பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா கடைசி ஆண்டுகளைக் கழித்த இடம். கையில் இருப்பதைக்கொண்டு வேலையை முடி என்பது அவருடைய கட்சி. பரிணாமமும் அந்தக் கட்சிதான், ஆனால் கொள்கையால் அல்ல, வேறு வழியில்லாததால். புதிய மரபணுவை வெற்றிடத்திலிருந்து செய்வது அதற்கு அரிது. பெரும்பாலும் இருப்பதை இரட்டித்து, ஒன்றைப் பழைய வேலைக்கு விட்டு, மற்றதைக் கிறுக்கிப் பார்க்கும். 1970இல் மரபியலாளர் சுசுமு ஓனோ இதை ஒரு நூலாகவே எழுதினார். முதுகெலும்பிகளின் தொடக்கத்தில், சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், மொத்த மரபணுத்தொகையும் இரண்டு முறை இரட்டித்தது. எலும்பு மீன்களின் மூதாதைக்குச் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் மூன்றாவது முறையும் நடந்தது. நம் வழியில் அது நடக்கவில்லை. டிரவுட், சால்மன் குடும்பத்துக்கு நான்காவது முறையும் வாய்த்தது. சாதாக் கெண்டைக்கும் தனியாக ஒன்று.

இதன் விளைவை இன்டர்லூக்கின்-4, 13 ஜோடியில் பார்க்கலாம். நம்மிடம் இவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பிறந்த உடன்பிறப்புகள். எலும்பு மீன்களிலும் இரண்டு உண்டு, ஆனால் ஒன்றை 4 என்றோ மற்றதை 13 என்றோ சொல்ல முடியாது. பிரிவதற்கு முந்தைய ஒரே மரபணு, மீனின் மூன்றாவது இரட்டிப்பில் தனியாக இரண்டானது. அதனால் இன்டர்லூக்கின்-4/13ஏ, 4/13பி என்று பெயர் வைத்தார்கள். நமக்குச் சித்தப்பா, பெரியப்பா பிரிந்த கதை. மீனுக்கு அதே தாத்தாவிலிருந்து வேறு பங்காளிச் சண்டை. இன்டர்ஃபெரான் கதை இன்னும் விநோதம். மீனின் முதல் வகை இன்டர்ஃபெரான் மரபணு, நடுவில் வெட்டி எறியப்படும் துண்டுகளோடு இருக்கிறது. நம்முடையதில் அந்தத் துண்டுகளே இல்லை. துண்டுகள் நீக்கப்பட்ட ஆர்.என்.ஏ. நகல், எப்போதோ ஒரு மூதாதையின் டி.என்.ஏ.வுக்குள் திரும்பச் செருகிக்கொண்டதுதான் நம்முடையது என்பது வலுவான விளக்கம். தவளையிடம் இரண்டு பாணியும் இருக்கின்றன.

இன்னும் பின்னால் போனால் தாடை இல்லாத லாம்ப்ரே வருகிறது. ஆன்டிபாடி என்று நாம் அறிந்த புரதமே அதனிடம் இல்லை. வேறொரு மூலப்பொருளில் தனக்கென்று ஒரு ஏற்பாட்டைச் செய்துகொண்டிருக்கிறது. ஆனால் அதன் வெள்ளணுக்களில் ஒரு வகை இன்டர்லூக்கின்-17ஐச் சுரக்க, இன்னொரு வகை அதைக் கேட்கும் ஏற்பியை வைத்திருக்கிறது. இரண்டாவது இன்டர்லூக்கின்-8ஐச் சுரக்க, முதலாவது அதைக் கேட்கிறது. ஆயுதங்கள் முற்றிலும் வேறு, பேசுகிற மொழி மட்டும் நம்முடையது. சிப்பியிலும் கடல் முள்ளெலியிலும்கூட இன்டர்லூக்கின்-17 இருக்கிறது. ஆன்டிபாடி தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சொல் புழக்கத்தில் இருந்திருக்கிறது.

கல்லுப்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் மதுரை. நோய் எதிர்ப்பின் பரிணாமம் அங்கே அரை நூற்றாண்டுப் பழைய பாடம். 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் வி.ஆர். முத்துக்கருப்பனும் மாணவர்களும் வெளிநாட்டு எலிக்குக் காத்திராமல், வேலியில் ஏறும் ஓணானைப் பிடித்து ஆய்வு செய்தார்கள். அதன் தைமஸ் சுரப்பிக்கும் நோய் எதிர்ப்புக்கும் உள்ள தொடர்பை உலக இதழ்களில் எழுதினார்கள். ஓணான் மேல் கல்லெறிந்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

பிறகு லேடி டோக் கல்லூரியில் ஆர். தினகரன் மைக்கேல் தலைமையில் மீன் நோய் எதிர்ப்பியல் மையம் உருவானது. அவர்கள் எடுத்துக்கொண்டது, அக்கா கெட்டி உயிர் என்ற அதே ஜிலேபியை. 1952இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. அங்கிருந்து நம் குளமெல்லாம் பரவி, பரப்பவேண்டாம் என்று அறிஞர் குழு சொன்ன பிறகும் நிற்காமல் பெருகியது. அந்த மீனுக்குத் துளசி, தூதுவளை, கரிசலாங்கண்ணி, சீந்தில் சாறுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000இல் வெளியான துளசி ஆய்வில் ஆன்டிபாடி அளவும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களின் செயல்பாடும் ஏறியிருந்தன. ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாவைச் செலுத்தியபோது மீன்கள் கூடுதலாகத் தாங்கின. பாட்டி வைத்தியம் வென்றது என்று கொட்டு அடிக்க இது இடமில்லை. துளசிச் சாறு மீனில் எந்தச் செல்லின் எந்தச் சைட்டோகைனைத் தூண்டியது என்பது வேறு கேள்வி. மீன் சைட்டோகைன் மரபணுக்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. கட்டி முடித்த சுவரை அளக்க முடிந்தது, கொத்தனாருக்குப் போன செய்தியை இனிமேல்தான் படிக்கவேண்டியிருந்தது.

அந்த ஏரோமோனாஸ் இன்னொரு கதையிலும் வருகிறது. 1975இல் அமெரிக்காவில் மேத்யூ க்ளூகர் குழு, ஒரு பாலைவன ஓணான் வகைக்கு அதைச் செலுத்தியது. குளிர்ந்த ரத்தப் பிராணிக்கு உடம்பு தானாகச் சூடாகாது. ஆனால் நோய் கண்டால் அது சூடான இடம் தேடிப் போகும். போகவிட்டால் பிழைக்கும், தடுத்தால் பெரும்பாலும் சாகும். அடுத்த ஆண்டே வேறொரு குழு, மீன்களும் அப்படித்தான் என்று காட்டியது. கொன்ற ஏரோமோனாஸைச் செலுத்தியதும் மீன்கள் வெதுவெதுப்பான நீருக்கு நகர்ந்தன. காய்ச்சல் என்பது தெர்மாமீட்டரில் மட்டும் இல்லை, நீந்துகிற திசையிலும் இருக்கிறது.

அந்தத் திசையைச் சொல்வது யார் என்பது 2017இல் தெரிந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில், மூன்று அறைகள் கொண்ட தொட்டியில் சாதாக் கெண்டைகளை விட்டார்கள். அறைகளில் 24, 28, 32 டிகிரி வெப்பம். ஹெர்பிஸ் வைரஸ் தாக்கிய கெண்டைகள் 32 டிகிரி அறைக்குப் போய்க் குணமாயின. ஆனால் சில நாள் தாமதமாகவே போயின. காரணம் வைரஸ். டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற சைட்டோகைன்தான் மீனை வெப்பத்துக்கு அனுப்பும் செய்தி. வைரஸ் அந்தச் சைட்டோகைனின் ஏற்பியைப் போலவே ஒரு போலி ஏற்பியைச் செய்து, செல்லுக்கு வெளியே மிதக்கவிடுகிறது. செய்தி போலிக் காதில் விழுந்து அங்கேயே முடிந்துபோகிறது. போலி ஏற்பி செய்யும் மரபணுவை வைரஸிலிருந்து எடுத்துவிட்டால், மீன்கள் சீக்கிரமே கிளம்பிவிடுகின்றன. சைட்டோகைன் ஏன் இத்தனை வேகமாக உருமாறவேண்டியிருக்கிறது என்று முன்னால் கேட்டோமே, எதிரியின் வேலைப்பாடு இத்தனை நுணுக்கமானது.

கல்லுப்பட்டிக் கண்மாயில் மூன்று அறை கிடையாது. மழை பெய்து மேகம் மூடிய வாரத்தில் நீர் முழுக்கக் குளிர்ந்துவிடும். பூசணம் குளிரில் ஊடுருவும். மீனின் வெள்ளணுக்களோ அதே குளிரில் மந்தமாகும். மேகம் விலகினால் வெதுவெதுப்பு கிடைக்கும் இடம் ஒன்றுதான், கரையோரத்து ஆழமில்லாத தண்ணீர். நோயில் தளர்ந்த மீன், மூச்சு முட்டும் மீன் எல்லாமே கரை ஒதுங்கக்கூடும்; ஒதுங்குவதெல்லாம் காய்ச்சல் என்று சொல்லமாட்டேன். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை.

"நோவு மீனு கரைக்குத்தான் தம்பி வரும். நாங்க எதுக்கு வலை போடுறோம், கையால புடிச்சிரலாம்" என்றார். துணியை மறுபடி இழுத்து மூடிவிட்டு, "எங்களுக்கு முந்தி கொக்கு வந்துருது, அதான்" என்றார்.